சுண்ணாம்பு, சிமெண்ட், கொஞ்சம் ஸ்டெம் செல்

சுவத்துல இருக்கற ஓட்டையை எதை வச்சு அடைச்சாலும் சுவர் ஒண்ணும் சொல்லாது. பல் சொல்லும். எனாமல், அதுக்குள்ள டென்டின், அதுக்கும் உள்ளே ரத்தமும் நரம்புமா உயிரோட இருக்கற பற்கூழ். சொத்தை அந்தக் கூழ் வரைக்கும் இறங்கிட்டா மேலே எதை வச்சு மூடறது? இந்தக் கேள்விக்கு வயசு 250க்கும் மேல.

1756ல் பெர்லின் பல் வைத்தியர் பிலிப் பாஃப், திறந்து கிடந்த கூழைத் தங்கத் தகடு வச்சு மூடிப் பார்த்தார். 1836ல் அமெரிக்காவின் ஸ்பூனர் சொன்னது நேர் எதிர்: ஆர்செனிக் வச்சுக் கூழைக் கொன்னுடு! வலி போகும்தான். பாஷாணம் கொஞ்சம் கசிஞ்சா ஈறும் தாடை எலும்பும் சேர்ந்தே போகும்.

1920ல் ஜெர்மனியின் ஹெர்மன் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கொண்டு வந்தார். பயந்துடாதீங்க, நாம வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்புதான் :-) காரத்துல தொட்ட இடம் வெந்து போகும். ஆனா அதுக்கு அடியில புது டென்டின் ஒரு பாலம் மாதிரி வளர்ந்து ஓட்டையை மூடும். அந்தப் பாலத்துல பொடிப்பொடி ஓட்டைகள் இருந்தது வேற விஷயம்.

1965ல் ககெஹாஷியும் கூட்டாளிகளும் எலிகளோட பல்லைக் கூழ் வரைக்கும் துளைச்சு அப்படியே விட்டாங்க. சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிப்போச்சு. கிருமியே இல்லாத சூழல்ல வளர்ந்த எலிகளுக்கு, எந்த மருந்தும் வைக்காமலே பாலம் வளர்ந்தது. ஆக, கூழுக்குத் தன்னைத்தானே சரி பண்ணிக்கத் தெரியும். கிருமிதான் கெடுக்குது.

யார் கட்டறாங்க அந்தப் பாலத்தை? பதில் வர 2000 ஆச்சு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் குரோந்தோஸ், சோங்டாவ் ஷி குழு, பிடுங்கின கடைவாய்ப் பற்களின் கூழிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரிச்செடுத்தது. எலிக்குள்ள வச்சா அவை டென்டின் மாதிரியே ஒண்ணைக் கட்டின.

அதுக்கப்புறம் 'எவ்வளவு நாள் தாங்கும்?'ங்கற கேள்வியோட 'செல்லை என்ன பண்ணும்?'ங்கறதும் சேர்ந்துடுச்சு. பல் நிறத்துல வைக்கற ரெசின்ல முழுசா இறுகாத ஹெமா, டெக்டிமா மூலக்கூறுகள் கசிஞ்சா, ஆய்வுக்கூடத்துல இந்த செல்கள் திணறுது, அளவு கூடினா சாகுது. சுண்ணாம்போ டென்டினுக்குள்ள பூட்டிக் கிடக்கற வளர்ச்சிப் புரதங்களைக் கரைச்சு விடுது. செல்லுக்கு அதுதான் அழைப்பு.

1990களில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாட் உருவாக்கின எம்.டி.ஏ.வும் இதே வேலையைச் செய்யுது, இன்னும் நல்லா. அது என்னன்னா, வீடு கட்டற போர்ட்லேண்ட் சிமெண்ட் வகை, எக்ஸ்ரேல தெரியறதுக்காக பிஸ்மத் ஆக்சைடு சேர்த்தது! இறுகும்போது சுண்ணாம்பை விடும், கிருமி நுழையாம அடைக்கும். அதுல வளர்ற பாலமும் கெட்டியா இருக்கும்.

கூழ் செத்த பல்லுக்கு ரூட் கெனால்தான் வழி. ஆனா உயிரோட இருந்தா? கூழ் தெரிஞ்சாலே வெட்டி எடுக்கறதுங்கற பழைய வழக்கம் மாறிட்டு வருது. அடுத்த தடவை "ரொம்ப ஆழம்"னு டாக்டர் சொன்னா, கூழைக் காப்பாத்த முடியுமான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. உள்ளே கொத்தனார் ரெடியாத்தான் இருக்கார்.