ஊர்காவற்றுறை

ஊர்காவற்றுறை, யாழ்ப்பாணத்துக்கு மேற்கே வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் உள்ள பழந்துறைமுகம். யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழம் குறைந்தது. பெரிய மரக்கலங்கள் அதற்குள் நுழைய முடியாது. அதனால் குடாநாட்டின் கடல்வாசலாக நெடுங்காலம் இருந்தது இந்தத் துறையே.

பழைய பெயர் ஊராத்துறை. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழில் பொறிப்பித்த ஆணை ஒன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ளது. கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள், அதாவது அயல்நாட்டு வணிகர், ஊராத்துறைக்கே வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது ஆணை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பலானால் சரிபாதி. போருக்கு யானையும் குதிரையும் வேண்டியிருந்த அரசன், அவற்றைக் கொண்டுவருபவனுக்குக் கூடுதல் சலுகை தந்திருக்கிறான். கிரேக்கத் தீவான ரோட்ஸ், புயலில் கடலில் எறிந்த சரக்கின் நட்டத்தை எல்லோரும் பகிரவேண்டும் என்ற கடற்சட்டத்தால் புகழ்பெற்றது. கப்பல் வணிகரின் இழப்பைப் பற்றிய நம் நாட்டுச் சட்டம் தமிழில் கல்லில் நிற்பது அதற்குக் குறைந்த பெருமையல்ல.

பராக்கிரமபாகு இங்கே படைகளை நிறுத்திக் கப்பல் கட்டியதைச் சோழரின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு கூறுகிறது. சோழர் தரப்புப் படை வந்து ஊராத்துறையையும் மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்தையும் தாக்கி யானைகளைக் கைப்பற்றியதாகவும் அது சொல்கிறது.

பின்னர் வந்த போர்த்துக்கேயர் கரையில் ஒரு கோட்டையும், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட கடலில் இன்னொன்றும் கட்டினர். கடற்கோட்டை 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்கள் வைத்த ஹம்மன்ஹீல் என்ற பெயரே இன்றும் வழங்குகிறது. 1971இல் ஜே.வி.பி. தலைவர் ரோகண விஜேவீர சிறைவைக்கப்பட்டதும் ஹம்மன்ஹீலில்தான். இப்போது அது கடற்படை நடத்தும் விடுதி. கரைக்கோட்டையோ பவளக்கல் சுவர்கள் இடிந்து புதர்மண்டிக் கிடக்கிறது.

தென்பகுதியிலிருந்து நயினாதீவுக்கு யாத்திரை வருவோர் பலர். வருபவர்கள் அம்மனைக் கும்பிட்டபின் அந்தக் கல்வெட்டையும் பார்க்க வேண்டும். நேரமிருந்தால் ஊர்காவற்றுறைக் கரைக்கும் போய்வர வேண்டும்.