மாமலா பட்டையில் பிறந்த மருந்து

பசிபிக் கடலில் சமோவா நாட்டின் சவாயி தீவு. அதன் மேற்குக் கோடியில் ஃபலேயலூபோ கிராமம். அங்கே காமாலை கண்டவர்கள் தேடிப் போனது எபெனெசா மவுயிங்கோவா என்ற நாட்டு வைத்தியரை. மாமலா என்னும் சிறு மரத்தின் பட்டையைச் சுரண்டி, துணியில் முடிந்து, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தச் சாற்றைக் குடிக்கக் கொடுப்பார். மாமலாவில் இரண்டு வகை உண்டு. ஒன்றுதான் மருந்துக்கு ஆகும், அதுவும் குறிப்பிட்ட பருமன் உள்ள மரமாக இருக்க வேண்டும் என்பதில் சமோவ வைத்தியர்கள் கண்டிப்பானவர்கள்.

1984-ல் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அமெரிக்கத் தாவரவியலாளர் பால் ஆலன் காக்ஸ், மருந்து தேடிக் குடும்பத்தோடு இந்தக் கிராமத்துக்கு வந்து தங்கினார். சமோவ மொழி தெரிந்தவர் என்பதால் எபெனெசாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள முடிந்தது. மாமலா மாதிரிகள் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குப் போயின. எச்.ஐ.வி. கிருமி செல்களைக் கொல்லவிடாமல் தடுக்கும் பொருள் ஒன்று அதில் இருப்பதாக 1992-ல் கட்டுரை வெளியானது. அதுதான் ப்ராஸ்ட்ராட்டின்.

ஆய்வாளர்களை முதலில் தயங்கவைத்தது அதன் குலம். ஃபோர்பால் வகைப் பொருள்கள் கட்டிகளை வளரத் தூண்டுபவை என்று பேர் எடுத்தவை. அந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தும் ப்ராஸ்ட்ராட்டின் அப்படிச் செய்யவில்லை. இன்னொரு குணமும் தெரிய வந்தது. வழக்கமான எய்ட்ஸ் மருந்துகள் எட்டாதபடி சில செல்களுக்குள் கிருமி உறங்கிக் கிடக்கும். ப்ராஸ்ட்ராட்டின் அதைத் தட்டி எழுப்பி வெளியே வரவைக்கிறது. வெளியே வந்தால்தானே மற்ற மருந்துகள் அதைத் தாக்க முடியும்!

மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் 2001-லேயே, லாபம் வந்தால் 20 சதவீதம் சமோவாவுக்கு என்று ஒப்பந்தம் ஆனது. அதில் ஃபலேயலூபோ கிராமத்துக்கும் வைத்தியர்களின் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. மூலிகை அறிவை வாங்கிக்கொண்டு ஊரை மறந்துவிடுவதே வழக்கமாக இருந்த உலகில் இது பெரிய காரியம்.

2008-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பால் வெண்டர் குழு, நேர்வாள விதையில் கிடைக்கும் ஃபோர்பாலிலிருந்து ப்ராஸ்ட்ராட்டினைச் செய்து காட்டியது. நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம்தான். இனி மாமலாவை வெட்டாமலே மருந்து செய்யலாம். ஆனாலும் அந்தக் கிராமத்தின் பங்கில் ஒரு காசும் குறையக் கூடாது. மூலப்பொருள் எங்கிருந்து வந்தாலும், இந்தப் பொருளை எய்ட்ஸ் ஆய்வுக்குக் கொண்டுவந்து சேர்த்தது எபெனெசாவின் அறிவு.