நிரலே தீர்ப்பு எழுதுமா?

பி.காம் படிப்பவர்களுக்கு வணிகச் சட்டத்தின் முதல் பாடம் ஞாபகம் இருக்கும். சட்டப்படி நிறைவேற்றி வைக்கக்கூடிய உடன்பாடுதான் ஒப்பந்தம். 1872ஆம் ஆண்டுச் சட்டம். பிளாக்செயின்காரர்கள் 'சட்டப்படி' என்பதை அடித்துவிட்டு 'நிரல்படி' என்று எழுதிப் பார்த்தார்கள். அந்தக் கதைதான் இது.

2016 ஏப்ரல் கடைசியில் எத்தீரியத்தில் 'தி டாவோ' என்றொரு முதலீட்டு நிதி தொடங்கியது. மேனேஜர் கிடையாது, இயக்குநர் குழு கிடையாது. பணம் போட்டவர்களே ஓட்டுப் போட்டு முதலீட்டை முடிவு செய்யலாம். சில வாரங்களில் சுமார் 15 கோடி டாலர் சேர்ந்தது! விளக்கக் குறிப்புக்கும் நிரலுக்கும் முரண்பாடு வந்தால் நிரல் சொல்வதே செல்லும் என்று விதிமுறையிலேயே எழுதியிருந்தார்கள்.

ஜூன் 17. நம்மூர் வங்கி கேஷியர் பணத்தைக் கொடுத்துவிட்டு, லெட்ஜரில் கழிப்பதற்குள் அதே ஆள் மறுபடி சீட்டை நீட்டினால்? மறுபடி கொடுத்தால்? நிரலில் அப்படி ஓர் ஓட்டை. 36 லட்சம் ஈத்தர் வெளியே போனது.

இது திருட்டா? விதிமுறைப்படி பார்த்தால் இல்லை, நிரல் அனுமதித்ததைத்தான் அவர் செய்தார் :-) வழக்குப் போடலாம் என்றால் ஆள் யாரென்றே தெரியாது. நல்லவேளை, அந்தப் பணத்தைச் சில வாரங்களுக்கு எடுக்க முடியாதபடி அதே நிரலில் ஒரு காத்திருப்புக் காலம் இருந்தது. அதற்குள் ஒரே சண்டை. ஜூலை 20ல் 'மாற்றவே முடியாத' பதிவேட்டில் விதிவிலக்கு எழுதி, பணத்தை முதலீட்டாளர்களுக்குத் திருப்பினார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் பழைய சங்கிலியிலேயே தொடர்ந்தார்கள். அதுதான் எத்தீரியம் கிளாசிக்.

பணத்தைத் திருப்பியது தப்பு என்று நான் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் யார், எந்த விதிப்படி தீர்ப்புச் சொன்னார்கள்? ஓட்டெடுப்பு நடந்தது, அதில் தலைக்கு ஓர் ஓட்டு இல்லை, கையிலிருக்கும் ஈத்தருக்கு ஏற்ற ஓட்டு. கலந்துகொண்டதும் சிறு பகுதிதான். நீதிமன்றம் என்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், காரணம் எழுதுவார்கள், மேல்முறையீடு உண்டு. இங்கே அதில் ஒன்றுமே இல்லை.

முன்னுதாரணமாவது ஆனதா? 2017 நவம்பரில் பாரிட்டி என்ற வாலட்டின் பொது நிரலை ஒருவர் அழித்துவிட, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈத்தர் முடங்கியது. தெரியாமல் நடந்தது என்றார். 2018ல் மீட்பு யோசனை ஒன்று வந்தது. இந்த முறை ஓட்டு எதிராகப் போனது. அந்தப் பணம் இன்னமும் அங்கேயே கிடக்கிறது, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி.