பேர் வெட்டிய பாத்திரம்

அம்பத்தூரில் எங்கள் வீட்டு எவர்சில்வர் குடம், அண்டா, தூக்கு எல்லாவற்றிலும் அம்மாவின் பேர் வெட்டியிருக்கும். கடையில் வாங்கிய கையோடு பேர் வெட்டித்தான் வீட்டுக்குக் கொண்டு வருவாள். விசேஷ வீட்டுக்கு இரவல் போகிற பாத்திரம் மாறிவிடக் கூடாது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்த மாமா ஓமனுக்கு வேலைக்குக் கிளம்பியபோது அட்டைப்பெட்டியின் நாலு பக்கமும் மார்க்கரில் பேர் எழுதியது அதே பயத்தில்தான். அந்த ஓமனில், சலாலாவுக்குக் கிழக்கே, பேர் கீறிய தமிழ்ப் பானை ஓடு ஒன்று கிடைத்திருக்கிறது. அதைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அது என் மனசை விட்டுப் போகவில்லை.

ஓட்டில் இருப்பது ‘ணந்தை கீரன்’ என்ற தமிழ்-பிராமி எழுத்து. ணந்தையில் உள்ள அந்தை என்பது பெரியவர்களுக்கு வழங்கிய மரியாதைச் சொல். கீரன் ஆளின் பேர்; நக்கீரனில் இன்றும் நாம் கேட்கிற பேர்.

காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் நம் கரையிலிருந்து அரபுக் கரைக்குக் கப்பல் போகும். தென்மேற்குக் காற்றில் திரும்பும். பானை போய்ச் சேர்ந்த ஊர் சும்ஹுரம். கழிமுகத்து மேட்டில், ஹத்ரமவுத் அரசு கட்டிய கோட்டைத் துறைமுகம். இப்போது அந்த இடத்தின் பேர் கோர் ரோரி. ஊரின் செல்வம் குந்திரிக்கம். மரப்பட்டையைச் சீவிவிட்டால் பால் கசியும்; வெயிலில் இறுகி மணியாகும். செங்கடல் வணிகத்தைப் பற்றி அக்காலத்தில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் இந்தத் துறையை மோஸ்கா என்கிறது. தமிழகத்திலிருந்து வரும் கப்பல்கள் பருவம் தப்பினால் இங்கேயே குளிர்காலத்தைக் கழிக்குமாம். துணியும் கோதுமையும் எள்ளெண்ணெயும் கொடுத்துக் குந்திரிக்கம் வாங்குமாம். நல்லெண்ணெய்! அந்தப் பண்டமாற்றுப் பட்டியலில் நம் அடுப்படி வாசம் அடிக்கிறது.

பானை உடைந்தது. ஆனால் தூக்கி எறியவில்லை. தோள்பட்டைத் துண்டைச் செதுக்கி வேறொரு பாத்திரத்துக்கு மூடியாக்கிக்கொண்டார்கள். உடைந்த சாடிகளை அப்படி மூடியாக்குவது அந்த ஊரில் சாதாரண வழக்கம்.

பிறகு மண்மூடிக் கிடந்தது. 2006இல் பீசா பல்கலைக்கழகத்தின் அலெஸ்சாந்த்ரா அவன்சினி தலைமையிலான இத்தாலியக் குழு, குடியிருப்புப் பகுதியின் இடிபாட்டுக் கற்களுக்கிடையே ஓட்டை எடுத்தது. எழுத்து இருந்தும் ஆறு வருஷம் அது பேசவில்லை. 2012 செப்டம்பரில் கொச்சியில் நடந்த மட்பாண்டப் பயிலரங்கில் அந்தக் குழுவின் அலெக்சியா பாவன் அதைக் காட்டினார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜனும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வீ. செல்வகுமாரும் அங்கே இருந்தார்கள். படித்துவிட்டார்கள்.

எகிப்தின் செங்கடல் துறைகளான பெரெனிகேயிலும் குசைர் அல்-கதீமிலும் தமிழ்-பிராமி ஓடுகள் முன்பே கிடைத்திருந்தன. குசைரில் ஒன்றில் ‘பானை ஒறி’, அதாவது உறிப் பானை, என்றுகூட எழுதியிருக்கிறது. அரபுத் தீபகற்பத்தில் இந்தக் கோர் ரோரி ஓடுதான் முதல்.

அம்மாவிடம் படத்தைக் காட்டி, கதையையும் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“பேரு இருக்கிற எடமா பாத்து மூடிக்கு எடுத்திருக்காங்க பாரு” என்றாள்.