அடித்தவன் சொல்லக் கூடாது

"என் வாள் உன் கழுத்தைச் சீவிவிட்டது. நீ செத்து விழுந்தாய்" என்று ஒருவர் தட்டச்சு செய்கிறார். "அதற்கு முன்பே நான் புகையாக மாறிவிட்டேன்" என்று எதிராளி எழுதுகிறார். மூன்றாவது வரியில் கதை நின்று, "இது போங்காட்டம்" என்ற சண்டை தொடங்குகிறது.

ஆளுக்கொரு வேடம் பூண்டு, எழுத்தாலேயே கதை வளர்க்கும் ரோல்பிளே அரட்டை அறைகளில் இது தினப்படி நடப்பது. உடம்பு இல்லை, வாள் இல்லை, விழுந்தவனைப் பார்க்கக் கண்ணும் இல்லை. அதனால் அங்கே மெல்ல மெல்ல ஒரு விதி படிந்தது: வாளை வீசினேன் என்று எழுதலாம், வெட்டினேன் என்று எழுதக் கூடாது. பட்டதா இல்லையா என்பதை எதிராளி சொல்லட்டும், இல்லையென்றால் பகடையோ நடுவரோ சொல்லட்டும். அடித்தவன் மட்டும் சொல்லக் கூடாது. மீறுகிறவரை அந்த வட்டாரத்தில் 'காட்மாடிங்' செய்கிறார் என்பார்கள்.

இந்த விதி இணையத்தில் பிறந்ததல்ல. மின்சார விளக்கு வருவதற்கு முன்பே பிரஷ்யாவில் பிறந்தது. பிரெஸ்லாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1812-ல் மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்முக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைக் கொடுத்தார். உள்ளே இழுப்பறைகள், மேலே ஆறும் மேடும் சாலையுமாகச் சதுர ஓடுகளை மாற்றி மாற்றி அடுக்கிப் போர்க்களம் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆட்டத்தை ராணுவத்துக்குள் கொண்டுபோனவர் அவருடைய மகன், பீரங்கிப் படை லெப்டினன்ட். 1824-ல் அவர் வெளியிட்ட விதிப் புத்தகத்தில் மேசை போய்விட்டது. 1:8000 அளவிலான நிலப்படமும் சிவப்பு, நீலக் கட்டைகளும் வந்தன. ஒரு சுற்று என்பது இரண்டு நிமிடப் போர்.

முக்கியமான மாற்றம் வேறு. ஆடுகிற அதிகாரிகள் தங்கள் கட்டளையைச் சீட்டில் எழுதி நடுவரிடம் தருவார்கள். இரண்டு பக்கத்துச் சீட்டையும் படித்தவர் அவர் ஒருவர்தான். கட்டைகளை நகர்த்துவார், மோதல் வந்தால் பகடை உருட்டி அட்டவணையைப் பார்த்து இழப்பைச் சொல்வார், எதிரியின் கண்ணில் படாத படையைப் படத்தில் வைக்கவே மாட்டார். கட்டளை போட்ட மேஜர் "என் குதிரைப்படை உன் வரிசையை உடைத்துவிட்டது" என்று சொல்ல வழியே இல்லை. ராணுவத் தலைமை அதிகாரி மியூஃப்லிங் இதைப் பார்த்து அசந்துபோய்ப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

அட்டவணை பார்த்துப் பார்த்து அலுத்த தலைமுறையும் வந்தது. அனுபவமுள்ள நடுவர் வாயால் சொல்லும் தீர்ப்பே போதும், பகடைக் கணக்கெல்லாம் எதற்கு என்று பிரஷ்யத் தளபதி வெர்டி து வெர்னுவா 1876-ல் எழுதினார். பகடையா, நடுவரா என்ற அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

அமெரிக்க ராணுவ அதிகாரி டோட்டன் 1880-ல் 'ஸ்ட்ராடெகோஸ்' என்ற போர் விளையாட்டு நூலைக் கொண்டுவந்தார். பல்லாண்டுகள் கழித்து அது மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் கையில் கிடைத்தது. ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், பலிக்குமா என்பதை நடுவர் சொல்வார் என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. 1969-ல் நண்பர்களைக் கூட்டி, நெப்போலியன் காலத்து 'பிரௌன்ஸ்டைன்' என்ற கற்பனை ஊரை வைத்து ஓர் ஆட்டம் போட்டார். படைத்தளபதிகள் மட்டுமல்ல, ஊர்க்காரர்களுக்கும் ஆளுக்கொரு வேடம். ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் மூலைக்கு மூலை ஒதுங்கி ரகசியம் பேச ஆரம்பித்தார்கள். நடுவில் இரண்டு பேர் வந்து, நாங்கள் ஒண்டிக்கு ஒண்டி மோதப் போகிறோம் என்றார்கள். படைகள் மோதுவதற்கு வெஸ்லியிடம் விதி இருந்தது. இரண்டு மனிதர் மோதுவதற்கு எதுவும் இல்லை. நின்ற இடத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்துப் பகடை உருட்டினார். ஆட்டம் கையை மீறிப் போய்விட்டது, தோல்விதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, நண்பர்கள் அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அப்படிக் கேட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர்தான் டேவ் ஆர்னசன். அவர் நடத்திய ஆட்டத்தில் முதலில் ஒரே அடியில் உயிர் போனது. ஆட்டக்காரர்களுக்குத் தங்கள் வீரன்மேல் பாசம் வந்துவிட்டிருந்தது. ஒரு பகடை வீச்சில் அவனை இழக்க மனம் வரவில்லை. கப்பல் சண்டை ஆட்டத்துக்காக எழுதியிருந்த கணக்கை ஆர்னசன் மனிதர்களுக்கு மாற்றினார்: இத்தனை அடி தாங்கிய பிறகே மூழ்கும் கப்பல், இத்தனை அடி தாங்கிய பிறகே சாகும் வீரன். 'ஹிட் பாயிண்ட்' அப்படி வந்தது. கேரி கைகாக்ஸும் அவரும் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அதை ஊரெங்கும் கொண்டுபோனது.

1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்து வளர்த்த 'மட்' என்ற எழுத்து விளையாட்டில் கணினியே நடுவரானது. அங்கே வாதாட ஆளில்லை. சண்டையில் செத்தால் பாத்திரமே அழிந்துபோகும்.

சிக்கல் மறுபடி முளைத்தது அரட்டை அறையில். ஃபின்லாந்தில் ஒய்காரினன் 1988-ல் எழுதிய ஐஆர்சி என்ற அரட்டை நிரல், பேசுவதற்காகச் செய்தது. அதற்குச் சண்டை தெரியாது. 'மீ' கட்டளை போட்டு எதை எழுதினாலும், உங்கள் பெயருக்குப் பின்னால் நடந்த செயலாக அது திரையில் வரும். "இருபது விழுந்தது" என்று எழுதினால் இருபது விழுந்ததுதான். அதனால் பலர் பகடைக்கென்றே 'பாட்' என்ற தானியங்கி நிரல் ஒன்றை அறையில் உட்கார வைத்தார்கள். அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவையில் அந்த வசதி கட்டளையாகவே இருந்தது: இரண்டு சாய்கோடு போட்டு 'ரோல்' என்று தட்டினால், விழுந்த எண்களை 'ஆன்லைன்ஹோஸ்ட்' என்ற பெயரில் நிறுவனத்தின் கணினியே அறிவிக்கும். பகடைக்கு நியாயம் தெரியாது. வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காது என்பதுதான் அதன் தகுதி.

அதே அமெரிக்கா ஆன்லைனில் 'ரெட் டிராகன் இன்' என்ற கற்பனைச் சத்திரத்தைச் சுற்றி வளர்ந்த வாள்போட்டிகளில் இன்னொரு வழியும் இருந்தது. எனக்கு அதுவே பிடிக்கிறது. மோதும் இருவரும் அடுத்த வீச்சைத் தனிச்செய்தியில் 'காலர்' என்ற நடுவருக்கு அனுப்புவார்கள். அவர் இரண்டையும் அட்டவணையில் பொருத்திப் பார்த்து, யாருக்குப் புள்ளி என்று அறையில் அறிவிப்பார். அதன்பிறகு இருவரும் அந்த முடிவை அலங்காரமாக எழுதிக்கொள்ளலாம். ரைஸ்விட்ஸின் சீட்டும் நடுவரும் அட்டவணையும் அப்படியே திரும்பி வந்ததுபோல இருக்கிறது. காலர்களாக இருந்தவர்கள் பெர்லின் தளபதிகளைப் படித்துத்தான் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

இந்த விதி வெறும் ஆட்ட நாகரிகம் இல்லை என்பதைக் காட்டியது 'லாம்ப்டாமூ'. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய எழுத்து உலகம் அது. 1993-ல் 'மிஸ்டர் பங்கிள்' என்ற பெயரில் உலவிய ஒருவர், பிறருடைய பாத்திரங்கள் தாமே செய்வதுபோல வரிகளைத் தோன்ற வைக்கும் நிரலைக் கொண்டு, அந்தப் பாத்திரங்கள்மேல் பாலியல் வன்முறையை எல்லார் முன்னாலும் எழுதிக் காட்டினார். எழுத்துதானே என்று தள்ளிவிட முடியவில்லை. பாத்திரத்துக்குப் பின்னால் இருந்த ஒருவர் அழுதார். பங்கிள் நீக்கப்பட்டார், அதன் பிறகு உறுப்பினர்கள் மனு கொடுத்து வாக்களிக்கும் முறையைக் கர்ட்டிஸ் கொண்டுவந்தார். ஜூலியன் டிபெல் அதே ஆண்டு 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையால் இது உலகுக்குத் தெரிந்தது. அடுத்தவர் உடம்பை நீ எழுதாதே என்பது சண்டைக்கு மட்டுமான விதியல்ல.

பகடை வேண்டாம், கதைதான் முக்கியம் என்கிற அறைகளில் எதிராளியின் நேர்மையை நம்ப வேண்டும். அதில் உள்ள ஓட்டை பளிச்சென்று தெரியும்: அடிபட்டவரே சொல்லலாம் என்றால் அவர் எல்லா அடிக்கும் விலகிவிட்டேன் என்பார். அதற்காகத்தான் தொடர்ந்து இத்தனை முறைக்குமேல் விலகக் கூடாது என்ற துணை விதி வந்தது. வேகமாகத் தட்டச்சு செய்கிறவர் மூன்று வரி அடித்து முடிப்பதற்குள் மற்றவர் ஒன்றைக்கூட முடிக்க மாட்டார். அதற்காக முறைவைத்து எழுதும் ஒழுங்கு வந்தது. தெருக் கிரிக்கெட்டில் பேட்டிங் அணியிலிருந்தே அம்பயர் நிற்பதுபோல, அறை நடத்துபவரின் சிநேகிதர் நடுவராக உட்காரும் தொல்லைக்கு மட்டும் விதி எழுதி யாரும் ஜெயித்ததில்லை.

2015-ல் வந்த டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் பகடை உருட்டப் பாட்கள் ஏராளம். ஆனாலும் நல்ல எண் விழும்வரை திரும்பத் திரும்ப உருட்டுகிறவர்கள், எழுதியதைப் பின்னால் திருத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். திருத்திய செய்திக்குப் பக்கத்தில் டிஸ்கார்ட் ஓர் அடையாளம் போட்டுவிடும் என்பதால், பல அறைகளில் அந்த அடையாளம் விழுந்த வீச்சுக்குக் கணக்கு இல்லை. காயம்வரை பகடை தீர்க்கலாம், சாவுக்கு மட்டும் பாத்திரத்தை எழுதுகிறவர் சம்மதிக்க வேண்டும் என்பது இப்போது பல இடங்களில் வழக்கம். சம்மதம் தராமலேயே எல்லாச் சண்டையிலும் பிழைத்து வருகிறவரை என்ன செய்வது என்று கேட்டால், அறைக்கு அறை வேறு பதில் கிடைக்கும்.