வேகக் கடவுளுக்குக் காணிக்கை



சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு செய்முறைப் பணி கொடுத்திருந்தேன். வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, ரப்பர் வளையத்தின் விசையால் ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்து வர வேண்டும். ஒரு மாணவன் கொண்டுவந்த வண்டி வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை ஓடியது. அதற்கே அதிகப் புள்ளிகள் வழங்கினேன். பின்னர், அது எவ்வாறு ஓடுகிறது என்று கேட்டேன். "தெரியாது டீச்சர், அப்பா செய்து கொடுத்தார்" என்றான் அவன், கள்ளமில்லாமல்.

அன்று மாலை வகுப்பறைக் குப்பைத்தொட்டியில் ஓர் ஐஸ்கிரீம் குச்சியைக் கண்டேன். நடுவில் முறிந்து, நூலால் கட்டப்பட்டு, மீண்டும் முறிந்திருந்தது. வேறொரு மாணவன் செய்த வண்டியின் அச்சு அது. அவன் வண்டி ஓடவில்லை. நான் அளித்த புள்ளியும் குறைவு. இரண்டு முறை முறிந்த அந்தக் குச்சியில் இருந்த பாடத்தை நான் மதிப்பிடத் தவறிவிட்டேன் என்பது அப்பொழுதுதான் உறைத்தது.

அந்தக் குச்சி எனக்கு நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு மனிதரின் வரலாற்றை நினைவூட்டியது. அதனை இப்பதிவில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

யார் அந்த 'இந்தியன்'?

2005ஆம் ஆண்டில் 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' என்றொரு திரைப்படம் வெளிவந்தது. 'உலகின் அதிவேக இந்தியன்' என்பது அதன் பொருள். தலைப்பைக் கேட்டவுடன் யாரோ ஓர் இந்திய ஓட்டப்பந்தய வீரரைப் பற்றிய படம் என்றுதான் நானும் எண்ணினேன். ஆனால், அந்த 'இந்தியன்' ஒரு மோட்டார் சைக்கிள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுவனம் தன் வண்டிகளுக்கு இட்ட பெயர் அது. அந்நாளில் அமெரிக்கப் பூர்வகுடி மக்களை அந்நாட்டார் அப்பெயரால் அழைத்தனர்.

படத்தில் கற்பனையும் கலந்துள்ளது. ஆயினும், அதன் நாயகரான பர்ட் மன்ரோவும் அவருடைய வண்டியும் கற்பனை அல்லர்.

ஒரு வண்டி, ஒரு வாழ்நாள்

மன்ரோ 1899ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் பிறந்தார். நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் நகரும் அதனைச் சூழ்ந்த வேளாண் நிலங்களும் அவர் வளர்ந்த இடங்கள். 1920ஆம் ஆண்டில், தம் இருபத்தொன்றாம் வயதில், 'இந்தியன் ஸ்கவுட்' எனும் வண்டியை வாங்கினார். 600 சிசி இயந்திரம் பொருத்தப்பட்ட அவ்வண்டியின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 88 கிலோமீட்டர்.

அந்த வேகம் அவருக்குப் போதவில்லை. 1926ஆம் ஆண்டில் அதனை மாற்றியமைக்கத் தொடங்கினார். வேறொருவராக இருந்திருந்தால் சில ஆண்டுகளில் புதிய வண்டி ஒன்றை வாங்கியிருப்பார். மன்ரோவோ நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதே வண்டியின் மீதே உழைத்தார்.

பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனையாளர் வேலை. இரவில் பட்டறை வேலை. சில நாள்களில் இரவு முழுவதும் வண்டியோடு போராடிவிட்டுக் காலையில் அப்படியே வேலைக்குச் செல்வாராம். மண வாழ்க்கை 1947ஆம் ஆண்டில் மணமுறிவில் முடிந்தது. பின்னர் விற்பனை வேலையையும் விட்டுவிட்டு, வண்டி நிறுத்தும் கொட்டகை ஒன்றையே வீடாக்கிக்கொண்டார். இதனைப் பின்பற்றத்தக்க வாழ்க்கைமுறை என்று நான் கூறவில்லை. அவர் கொடுத்த விலை பெரிது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

கையால் செய்த உறுப்புகள்

உறுப்புகளை ஏன் அவரே செய்ய வேண்டும்? கடையில் வாங்கியிருக்கலாமே என்று தோன்றலாம். அவரிடம் பணவசதி குறைவு. அமெரிக்கத் தொழிற்சாலையோ கடலுக்கு அப்பால் இருந்தது. அந்தப் பழைய நிறுவனமும் 1953ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் எண்ணிய வேகத்தைத் தாங்கக்கூடிய உறுப்புகளைத் தொழிற்சாலை ஒருபோதும் செய்ததே இல்லை. எனவே, தாமே செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நியூசிலாந்து மக்களிடையே 'எட்டாம் எண் கம்பி' என்றொரு வழக்கு உண்டு. பண்ணை வேலிக்குப் பயன்படும் கம்பி அது. உலகின் ஒரு மூலையில் வாழ்ந்த உழவர்கள், உடைந்த எதனையும் அந்தக் கம்பியைக் கொண்டே சீர்செய்துவிடுவார்கள் என்பது அதன் கருத்து. கையில் இருப்பதைக் கொண்டு காரியத்தை முடிக்கும் அந்தப் பண்பாட்டின் பிள்ளைதான் மன்ரோ.

இயந்திரத்தின் உள்ளே மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்களை அவரே வார்த்தார். உருக்கிய உலோகத்தை ஊற்றுவதற்குப் பழைய தகரக் குவளைகளே அச்சுகளாயின. பிஸ்டன் ஓடும் சிலிண்டரைச் செய்ய, மண்ணுக்கடியில் எரிவாயு கொண்டுசெல்லும் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களைப் பயன்படுத்தினார். பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளை டிராக்டர் அச்சின் எஃகிலிருந்து கையால் செதுக்கி எடுத்தார். ஃபிளைவீல், கேம், எண்ணெய் பாய்ச்சும் அமைப்பு என ஒவ்வொன்றும் அவர் கைவண்ணமே. நுண்ணளவு காணும் மைக்ரோமீட்டருக்கு மாற்றாகப் பழைய சக்கரத்தின் ஆரக்கம்பி ஒன்றை வைத்திருந்தாராம்.

இவற்றுள் மிகப் பெரிய மாற்றத்தை மட்டும் சற்று விளக்குகிறேன். பழைய ஸ்கவுட் வண்டியில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. எரிபொருள் கலந்த காற்று வளைந்து நெளிந்து உள்ளே செல்ல வேண்டும். மூக்கடைத்த நிலையில் ஓடும் பிள்ளையைப் போல, அந்த இயந்திரத்தால் வேகமாக மூச்சுவிட இயலாது. மன்ரோ வால்வுகளைச் சிலிண்டரின் தலைப்பகுதிக்கு மாற்றினார். காற்று நேராக உள்ளே இறங்கியது. வால்வுகளை இயக்கிய இரண்டு கேம்களுக்குப் பதிலாக நான்கு கேம்களை அமைத்தார். இயந்திரத்தின் கொள்ளளவும் படிப்படியாகப் பெருகி, இறுதியில் 950 சிசியை எட்டியது.

உடைந்தவற்றுக்கு ஓர் அலமாரி

இவை யாவும் முதல் முயற்சியிலேயே வெற்றிபெற்றன என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் வார்த்த உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழ்கள் தங்கியிருக்கலாம். எஃகைப் பதப்படுத்தும்போது சூடு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அதன் உறுதி கெடும். ஓட்டத்தின் நடுவே பிஸ்டன் உருகும், ராடு முறியும். பல மாத உழைப்பு ஒரு நொடியில் சிதறும்.

உடைந்த உறுப்புகளை மன்ரோ குப்பையில் எறியவில்லை. கொட்டகையில் ஓர் அலமாரித்தட்டில் அடுக்கி வைத்தார். அதன்மேல் 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை' என்று எழுதியும் வைத்தார். நகைச்சுவையாக எழுதியதுதான். ஆனால், உடைந்த ஒவ்வொரு துண்டும், எந்த இடத்தில் பலம் போதவில்லை என்பதைக் காட்டும் சான்று. அந்தத் தட்டைப் பார்த்தவாறே அவர் அடுத்த பிஸ்டனை வார்த்தார்.

உப்பு வெளியில்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போனவில் எனும் உப்பு வெளி உள்ளது. முன்னொரு காலத்தில் இருந்த மாபெரும் ஏரி வற்றியதால் உருவான சமவெளி அது. தடையேதுமின்றி நெடுந்தொலைவு விரிந்து கிடப்பதால், வேகச் சாதனை முயற்சிகள் அங்கு நடைபெறுகின்றன. ஊரில் ஓரேட்டி கடற்கரையின் ஈர மணலில் வண்டியைச் சோதித்துவந்த மன்ரோ, தம் பழைய வண்டியுடன் அங்கே சென்றார். காற்றைக் கிழித்துச் செல்ல ஏதுவாக, வண்டியை மூடும் நீண்ட கூடு ஒன்றையும் அமைத்திருந்தார்.

1962ஆம் ஆண்டில், 883 சிசி பிரிவில் மணிக்கு 288 கிலோமீட்டர் வேகத்தில் சாதனை படைத்தார். 1966ஆம் ஆண்டில், 1000 சிசி பிரிவில் 270 கிலோமீட்டர். 1967ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதே பிரிவில் 295 கிலோமீட்டர். அப்போது அவருக்கு வயது 68. வண்டிக்கு வயது 47. தொழிற்சாலை தந்த வேகத்தைப் போல் மும்மடங்குக்கும் மேல்! அவ்வாண்டு தகுதிச் சுற்று ஒன்றில் மணிக்கு 305 கிலோமீட்டரையும் அவர் தாண்டினார். ஆனால், அது ஒரு திசை ஓட்டம் மட்டுமே. சாதனையாக ஏற்கப்பட, காற்றின் தயவு கழியும் வண்ணம் எதிரெதிர்த் திசைகளில் ஓடி, அவற்றின் சராசரியைக் காண வேண்டும்.

கணித ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்வதற்கு ஏற்ற ஒரு செய்தி இங்குண்டு. 1967ஆம் ஆண்டின் அந்தச் சராசரியைக் கணக்கிட்டதில் ஒரு பிழை நேர்ந்திருந்தது. மன்ரோவின் மகன் அதனைப் பிற்காலத்தில் கண்டுபிடித்தார். 2014ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் சாதனையை மணிக்கு 183.586 மைல் என்பதிலிருந்து 184.087 மைலாகத் திருத்தியது. அதாவது, மணிக்கு ஏறத்தாழ 296 கிலோமீட்டர். 1978ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் மறைந்த மன்ரோவுக்கு, 36 ஆண்டுகள் கழித்து ஒரு புதிய சாதனை! விடைத்தாளை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா?

உடல்நலம் குன்றிய நிலையில், வண்டி சொந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என விரும்பிய மன்ரோ அதனை உள்ளூர் வணிகரிடம் விற்றார். இன்வர்கார்கிலில் உள்ள இ. ஹேய்ஸ் அண்ட் சன்ஸ் எனும் இரும்புப் பொருள் கடையில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது.

நம் வகுப்பறைக்கு

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் செய்முறைப் பணியை நீங்கள் செய்து கொடுப்பது அன்பினால்தான் என்பதை நான் அறிவேன். பிள்ளை தோற்றுவிடக் கூடாது என்ற கவலை நானும் அறிந்ததே; நானும் ஒரு தாய்தான். ஆயினும், அவ்வாறு செய்யும்போது பிள்ளைக்கு உரிய காணிக்கைத் தட்டை நாம் பறித்துவிடுகிறோம். முறியாத குச்சியைப் பிடித்துப் பழகிய கைக்கு, குச்சி எங்கே முறியும் என்பது தெரியாது.

ஆசிரியர் நண்பர்களே, பிழை நம்முடையதும்தான். முடிந்த பொருளுக்கு மட்டுமே நாம் புள்ளி அளித்தால், பெற்றோர் முடிந்த பொருளைத்தான் கொடுத்தனுப்புவர். பயிற்சிக் கல்லூரியில் மதிப்பீட்டு முறைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேர்ச்சி பெற்ற நான், இதனை ஒரு குப்பைத்தொட்டியிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

மறுநாள் அந்த முறிந்த குச்சியை வகுப்பறையின் பின்புறத் தட்டில் வைத்தேன். உரிய மாணவனை அழைத்து, முதலில் எங்கே முறிந்தது, பிறகு ஏன் நூலால் கட்டினான், மீண்டும் ஏன் முறிந்தது என்று வகுப்பாரிடம் விளக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கித் தொடங்கியவன், பத்து நிமிடம் பேசினான். தந்தை செய்த வண்டியைக் கொண்டுவந்தவன்தான் அவனிடம் அதிகமான கேள்விகளைக் கேட்டான். மறுவாரம் இருவருமே தங்கள் கையால் செய்த வண்டிகளுடன் வந்தனர். ஒன்று மூன்று அடி ஓடியது; மற்றொன்று ஓடவில்லை. ஓடாத வண்டியின் சக்கரம் இப்பொழுது அந்தக் குச்சியின் அருகில் இருக்கிறது.

உங்கள் பள்ளியில் அல்லது வீட்டில் இத்தகைய தட்டு ஒன்று உண்டா? இருப்பின், அதில் என்னென்ன இருக்கின்றன என்பதை எனக்கும் தெரிவியுங்கள்.