கண்ணுக்குள் விழும் கட்டைகள்

1/ ராத்திரி டியூட்டியில் பார்ப்பேன், நோயாளிக்குத் துணையா வந்தவங்க போனில் கட்டை அடுக்கிட்டு இருப்பாங்க. நீங்களும் ஆடியிருப்பீங்க. அந்த டெட்ரிஸோட கதை இது.

2/ 1984, மாஸ்கோ. சோவியத் அறிவியல் அகாடமியில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் இதை எழுதினார். அவரோட எலக்ட்ரோனிகா 60 கம்ப்யூட்டரில் படம் வராது. அடைப்புக்குறிகளைச் சேர்த்துத்தான் கட்டைகளைக் காட்டினார். 1989ல் கேம் பாய் வழியா கைக்கு வந்துச்சு. அப்புறம் போனுக்கு.

3/ ஏன் கீழே வைக்க முடியல? ஒரு வரிசை நிரம்பினா மறையும், அதுக்குள்ள அடுத்த கட்டை விழும். கண்ணும் மனசும் அதிலேயே மாட்டிக்கும்.

4/ அந்தப் பிடியையே வைத்தியமா மாத்த முடியுமா? 2017ல் ஒரு ஆய்வு வந்துச்சு. ஆக்ஸ்ஃபோர்டில், சாலை விபத்துக்குப் பிறகு அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேர். அதில் ஒரு பகுதியினரை, விபத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கச் சொல்லிட்டு டெட்ரிஸ் ஆட வெச்சாங்க. அவங்களுக்கு முதல் வாரத்தில் அந்தக் காட்சி தானா கண்முன் வந்து போறது குறைஞ்சுது.

5/ ஆனா நினைவு அழியல. தெரிஞ்சது முதல் வாரத்துப் பலன்தான். விபத்துக் காட்சி வாரக்கணக்கில் துரத்தினா, தூக்கம் போனா, கேமுக்குள்ள ஒளிஞ்சுக்காதீங்க. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாங்க. பேசுவோம்.